எல்லைக்கோடும் எண்ணும் முறையும்

வேல்சு நாட்டில் 22 உள்ளாட்சி மன்றங்கள் உள்ளன. 1996 முதல் நிலவும் அமைப்பு இது. 2022ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அவை அனைத்துக்கும் ஒருசேரத் தேர்தல் நடந்தது. 2017 தேர்தலில் 1,254 ஆக இருந்த இருக்கைகள் அப்போது 1,234 ஆகியிருந்தன. இருபது இருக்கைகள் குறைந்ததைப் பெருமாற்றம் என யாரும் சொல்லார். ஆயினும் மன்றந்தோறும் நோக்கினால் தோற்றம் வேறு. பிளைனவ் குவென்ட்டில் 42 இருக்கைகள் 33 ஆகச் சுருங்கின. வேல் ஆஃப் கிளாமர்கனில் 47 இருக்கைகள் 54 ஆகப் பெருகின. தலைநகர் கார்டிஃபில் 75 என்பது 79 ஆயிற்று. பழைய தேர்தல் வட்டாரங்கள் பல இணைந்தன, சில பிரிந்தன, சில பெயரையே இழந்தன. வாக்காளர் வீட்டில் இருந்தபடியே இருக்க, அவர் வாழும் வட்டாரம் மாறியது.

இம்மாற்றத்தை வகுத்தது ஓர் ஆணையம். அதன் கடமையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஒரு மன்றத்துக்குள் உறுப்பினர் ஒருவருக்கு இத்தனை வாக்காளர் என்னும் வீதம், இயன்றவரை எல்லா வட்டாரங்களிலும் ஒத்திருக்க வேண்டும். எல்லைகள் எளிதில் அடையாளம் காணத்தக்கவையாக இருக்க வேண்டும். ஊர்களுக்கு இடையிலான பிணைப்பு அறுபடலாகாது. அடுத்த ஐந்தாண்டுகளில் வரக்கூடிய மக்கள்பெயர்வையும் கருத வேண்டும். இவற்றோடு நான் பெரிதும் மதிக்கும் விதி ஒன்றும் உண்டு: வாக்குரிமை இருந்தும் பட்டியலில் பெயர் பதியாதோரையும் ஆணையம் கணக்கில் கொள்ள வேண்டும். மாணவரும் வாடகைக்குக் குடியிருப்போரும் அடிக்கடி வீடு மாறுவதால் பட்டியலில் விடுபட்டுப்போவது வழக்கம். பதிவேட்டை மட்டும் நம்பிக் கோடு கிழித்தால் அத்தெருக்களுக்கு என்றும் குறைந்த உறுப்பினரே வாய்ப்பர். வாக்குரிமையின் வட்டமும் விரிந்தது: அதே 2022 தேர்தலில் 16, 17 அகவையினரும், முறைப்படி அங்கே வாழும் அயல்நாட்டுக் குடிமக்களும் முதன்முறையாக உள்ளாட்சிக்கு வாக்களித்தனர்.

வீதம் ஒத்திருக்க வேண்டுவது ஏன்? ஒரு மன்றத்தில் 60,000 வாக்காளரும் 40 உறுப்பினரும் இருப்பதாகக் கொள்வோம். சராசரி 1,500. ஒரு வட்டாரத்தில் 900 பேர் ஓர் உறுப்பினரையும், இன்னொன்றில் 2,100 பேர் ஓர் உறுப்பினரையும் தேர்ந்தெடுத்தால், முன்னது சராசரிக்கு 40 விழுக்காடு கீழே, பின்னது 40 விழுக்காடு மேலே. முன்னதில் இடப்படும் வாக்கு, பின்னதின் வாக்கைப்போல் இரண்டேகால் மடங்குக்கு மேல் எடை பெறுகிறது. ஒரே மன்றம், ஒரே வரி, ஒரே நாள். எடை மட்டும் வேறு.

மன்றங்களுக்கு இடையே இந்த ஒப்புமையைச் சட்டம் கேட்பதில்லை. அது சரியே. போவிசு மாவட்டம் வேல்சு நிலப்பரப்பில் கால் பங்கு. மக்களோ 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,33,000 பேர்தாம். அதன் 68 உறுப்பினரில் ஒருவருக்கு 2,000 பேருக்குச் சற்றுக் குறைவாகவும், 76 சதுரக் கிலோமீட்டர் மலையும் பள்ளத்தாக்கும் சராசரியாக வருகின்றன. கார்டிஃபில் ஒருவருக்கு ஏறக்குறைய 4,600 பேர். நிலமோ இரண்டு சதுரக் கிலோமீட்டருக்கும் குறைவு. ஆட்டுப்பண்ணைகளுக்கு இடையே நெடுந்தொலைவு வண்டியோட்டி ஒரு குடும்பத்தின் குறையைக் கேட்கும் உறுப்பினரை, அடுக்குமாடிகளுக்கு நடுவே நடப்பவரோடு ஒரே அளவுகோலால் அளப்பது முறையாகாது.

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து முடிவே மாறும் என்பதற்குப் புவியியலில் புகழ்பெற்ற சான்று உண்டு. ஓப்பன்சா, டெய்லர் என்னும் பிரித்தானிய அறிஞர் இருவர், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தின் 99 கவுண்டிகளை எடுத்துக்கொண்டு 1979இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முதியோர் பங்குக்கும் குடியரசுக் கட்சி பெற்ற வாக்குக்கும் இடையிலான ஒட்டுறவை அவர்கள் கணக்கிட்டனர். அதே கவுண்டிகளை வெவ்வேறு வகையில் தொகுத்தபோது, அந்த ஒட்டுறவு ஏறத்தாழ −1 முதல் ஏறத்தாழ +1 வரை எங்கும் விழுந்தது. தரவில் ஓர் எண்ணும் மாறவில்லை. தொகுப்பு மாறியது, அவ்வளவே.

வேல்சில் இத்தகைய மாற்றத்தை முழுமையாகக் கண்டது ஆங்கில்சித் தீவு. மன்றத்துக்குள் மூண்ட நெடும்பூசல் காரணமாக 2011இல் வேல்சு அரசு அதன் ஆட்சியைத் தான் அமர்த்திய ஆணையர்களிடம் ஒப்படைத்தது. 2012இல் வரவேண்டிய தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த இடைவெளியில், ஓர் உறுப்பினர் வீதம் இருந்த 40 வட்டாரங்கள் கலைக்கப்பட்டு, இருவரோ மூவரோ தேர்ந்தெடுக்கப்படும் 11 பெருவட்டாரங்கள் அமைந்தன. உறுப்பினர் 30 ஆயினர். சிற்றூர் ஒவ்வொன்றுக்கும் ‘எங்கள் ஆள்’ என ஒருவர் இருந்த நிலை அன்றோடு போயிற்று. கட்சி சாராதோர் உடனே மறைந்துவிடவில்லை: 2013 தேர்தலில் அவர்கள் 14 இடங்களையும், வேல்சு தேசியக் கட்சியான பிளைடு கம்ரி 12 இடங்களையும் பெற்றனர். 2022இல் எல்லைகள் மீண்டும் திருத்தப்பட்டு 14 வட்டாரங்களும் 35 உறுப்பினரும் ஆயினபோது, பிளைடு கம்ரி 21 இடங்களை வென்று முதன்முறையாகத் தனிப்பெரும்பான்மை கண்டது.

வெற்றி யாருடையது என்பதை ஒதுக்கிவிட்டு, பெருவட்டாரத்தில் வாக்குகளை எண்ணும் முறையைக் காண வேண்டும். மூவர் தேர்வாகும் வட்டாரத்தில் வாக்காளர் மூன்று பெயர்களுக்கு நேரே குறியிடலாம். மிகுதியான வாக்கு பெற்ற மூவர் தேர்வாவர். அங்கே 4,000 பேர் வாக்களிப்பதாகவும், ஒரு கட்சியை 1,680 பேரும், இரண்டாவதை 1,240 பேரும், மூன்றாவதை 1,080 பேரும் விரும்புவதாகவும் கொள்வோம். தத்தம் கட்சியின் மூவருக்கே அவர்கள் குறியிட்டால், 42 விழுக்காட்டினரின் கட்சி மூன்று இடங்களையும் அள்ளிக்கொள்ளும்; எஞ்சிய 58 விழுக்காட்டினருக்கு ஒன்றும் இல்லை. முன்பு மூன்று சிறுவட்டாரங்களாக இருந்திருந்தால், சிறு கட்சிக்குத் தன் ஆதரவாளர் செறிந்த ஊரிலேனும் ஓர் இடம் கிடைத்திருக்கலாம். அதனால்தான், வாக்கின் எடையை நேர்செய்யும் எல்லைத்திருத்தம், எண்ணும் முறை பழையதாகவே நின்றால், ஓர் ஏற்றத்தாழ்வை நீக்கி இன்னொன்றைப் பெரிதாக்கக்கூடும் என்கிறேன்.

சிறுவட்டாரத்துக்குத் திரும்புவதும் தீர்வாகாது. பெரும்பாலும் ஒரே உறுப்பினர் வட்டாரங்களைக் கொண்ட குவினெத்தில், 2022இல் 69 இருக்கைகளில் 28க்குப் போட்டியே இல்லை. ஊர்ப்பிணைப்பு மிக இறுகிய இடத்தில் எதிர்த்து நிற்க ஆள் வருவதில்லை. அங்கே வாக்குச்சீட்டுக்கு வேலையே இல்லாமல் உறுப்பினர் மன்றம் புகுகிறார்.

2021இல் இயற்றப்பட்ட சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. விரும்பும் மன்றம், வேட்பாளரை 1, 2, 3 என வரிசைப்படுத்தும் ஒற்றை மாற்று வாக்கு முறையைத் தேர்ந்துகொள்ளலாம். மேலே சொன்ன வட்டாரத்தில் அம்முறைப்படி வெற்றிக்கு வேண்டிய அளவு, 4,000ஐ 4ஆல் வகுத்து ஒன்று கூட்டிய 1,001. மூன்று கட்சிகளும் அதைத் தாண்டுவதால் ஆளுக்கோர் இடம் பெறும். பெருவட்டாரத்தின் பயன் அப்போதுதான் வாக்காளர் கைக்கு வரும்.

அதற்கான தீர்மானத்துக்கு மன்றத்தின் மொத்த இருக்கைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் எனச் சட்டம் விதித்துள்ளது. ஆங்கில்சியில் அது 24 பேர், குவினெத்தில் 46 பேர். முடிவெடுப்போர் அனைவரும் இன்றைய முறையால் வென்று வந்தவர்கள் என்பதால் இவ்வரம்பு மிக உயரமானது என்றே கருதுகிறேன். ஒரு மன்றம் அதைக் கடந்துவிட்டால் ஆணையம் மீண்டும் நிலப்படத்தை விரிக்க வேண்டியிருக்கும்; புதிய முறைக்கேற்ப வட்டாரம் ஒவ்வொன்றும் மூவருக்குக் குறையாத உறுப்பினரைக் கொள்ளுமாறு எல்லைகளை அது திரும்ப வகுக்கும்.