மலை ஏறப் போறீங்களா? இந்த நாலையும் அடக்காதீங்க!

"வைத்தியரே, அடுத்த மாசம் வெள்ளியங்கிரி போறோம். மூச்சு வாங்காம இருக்க ஏதாச்சும் லேகியம் குடுங்க!"

மாசி, பங்குனி வந்தால் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் அதிகம். பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்கள்.

பூண்டி அடிவாரத்திலிருந்து உச்சிக்குச் சுமார் 6 கி.மீ.தான். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று நினைத்துவிடாதீர்கள். ஏழு மலை! முதல் மலையே செங்குத்தான படிகள். 2024-ல் இங்கே மலையேறிய பக்தர்கள் சிலர் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் இறந்துபோனதை மறக்கக் கூடாது.

நாலு வாரத் தயாரிப்பு

முதல் வாரம் தினமும் அரை மணி நேரம் வேக நடை. இரண்டாம் வாரம் அதோடு 10 நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குங்கள். மூன்றாம் வாரம் படி ஏறுவது 20 நிமிடம்; முதுகில் 3 கிலோ பையும் இருக்கட்டும். நான்காம் வாரம் பாதியாகக் குறைத்து, கடைசி இரண்டு நாள் ஓய்வு. புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம், பழகியதே நல்லது. கால் நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இறங்கும்போது விரல்தான் முன்னால் போய் இடிக்கும்.

சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே கிளம்புங்கள். மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிடலாம். சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்!

அடக்கக் கூடாத நாலு

உடம்பில் எழும் 14 வேகங்களை அடக்கக் கூடாது என்கிறது சித்த மருத்துவம். அதில் நாலு, மலையில் வரிசையாக வந்து நிற்கும்.

சுவாசம்: பேசிக்கொண்டே ஏற முடிந்தால் வேகம் சரி. பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். பக்கத்தில் போகிற இளவட்டத்தோடு போட்டி வேண்டாம்.

நீர்வேட்கை: தாகம் எடுத்தால் 'அடுத்த மலையில் குடிக்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். உப்புப் போட்ட நீர்மோரை அவ்வப்போது இரண்டு மடக்குக் குடியுங்கள்.

பசி: ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி போதும். வழியில் கடலை மிட்டாய், பேரீச்சம்பழம். வயிறு முட்டச் சாப்பிட்டும் ஏறக் கூடாது. வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது.

இளைப்பு: களைத்தால் உட்காருங்கள். மூச்சு சீரான பிறகே எழுந்திருங்கள்.

இறங்குவதுதான் கஷ்டம்

ஏறும்போது இதயத்துக்கு வேலை. இறங்கும்போது முழங்காலுக்கு வேலை. அடிவாரத்தில் விற்கிற மூங்கில் தடியை வாங்கிக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிக்கும். பயப்பட வேண்டாம். கற்பூராதித் தைலத்தை வெதுவெதுப்பாகத் தடவி, வெந்நீர் விட்டால் போதும்.

திரும்பி வந்தவர்

லேகியம் கேட்டவருக்கு நான் மாடிப்படியைத்தான் எழுதிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். மூன்றாவது வாரம் வந்து, "படி ஏறினா நெஞ்சை அழுத்துது, உட்கார்ந்தா சரியாயிடுது. வாயுங்களா?" என்றார். அன்றே இதய டாக்டரிடம் அனுப்பினேன். ரத்தக்குழாயில் அடைப்பு! மலையில் தெரிய வேண்டியது வீட்டு மாடிப்படியிலேயே தெரிந்துவிட்டது.

நெஞ்சு அழுத்தம், இடது கை வலி, குளிர்ந்த வியர்வை, தலைசுற்றல் இதில் எது வந்தாலும் மேலே ஒரு அடி வைக்காதீர்கள். அப்படியே உட்கார்ந்து உதவி கேளுங்கள். அதற்குச் சுக்கும் இல்லை, லேகியமும் இல்லை, ஆஸ்பத்திரிதான். ஆம்புலன்ஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே விழுந்தவரை ஆள்தான் சுமந்து வரவேண்டும்.

மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும். நீங்களும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்!