பாரீஸ் செருப்பும் என் மகளின் பாதமும்



நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். காரைக்காலில் வாழ்க்கைப்பட்டு 16 வருஷமாகிறது. வாரா வாரம் இந்தப் பக்கத்தில் வரும் அனுபவங்களைப் படித்துவிட்டு, 'நாமும் ஒன்று எழுதினால் என்ன?' என்று நினைப்பதோடு சரி. போன வருஷம் ஆனி மாதம் எங்கள் வீட்டில் ஒரு ஜோடி செருப்பால் நடந்த ரகளை என்னைப் பேனா பிடிக்க வைத்துவிட்டது.

என் பிறந்த வீடு விழுப்புரம். மல்லர் கம்பம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தரையில் நட்ட தேக்குக் கம்பத்தில் ஏறி, தலைகீழாகத் தொங்கி, உடம்பை வில்லாக வளைத்து ஆசனம் காட்டுவார்களே, அதுதான். தொங்கும் கம்பத்திலும் கயிற்றிலும்கூடச் செய்வார்கள். வடக்கே மராட்டியத்தில் பெயர் பெற்ற வித்தை. 12-ஆம் நூற்றாண்டில் எழுதிய 'மானசோல்லாசம்' என்ற சம்ஸ்கிருத நூலிலேயே இதைப் பற்றி இருக்கிறதாம். தமிழ்நாட்டில் இதற்குப் பேர் போன ஊர் எங்கள் விழுப்புரம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த 'கேலோ இந்தியா' இளைஞர் விளையாட்டிலும் மல்லர் கம்பம் ஒரு போட்டி. ஆண் பிள்ளை, பெண் பிள்ளை இருவரும் ஏறுகிறார்கள்.

என் மகளுக்கு 13 வயது. பள்ளி லீவு விட்டால் என் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிடுவாள். அங்கே பிள்ளைகளோடு பிள்ளையாகக் கம்பம் ஏறப் பழகிவிட்டாள். "வயசுக்கு வந்த புள்ள, அரை டிராயர் போட்டுக்கிட்டுக் கம்பத்துல தொங்கறதா?" என்று என் மாமியார் ஆரம்பத்திலிருந்தே முணுமுணுப்பு. என் கணவர் வாய் திறக்கமாட்டார். திறக்காததே எனக்குப் பயம்.

இந்த நேரத்தில்தான் மாங்கனித் திருவிழாவுக்குப் பாரீஸிலிருந்து என் மூத்தாரின் மகள் வந்தாள். எங்கள் ஊரில் இது அதிசயமில்லை. 1962-ல் காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த குடும்பங்களும் உண்டு, கொடுக்காத குடும்பங்களும் உண்டு. தெருவுக்கு ஒரு 'சொல்தா' வீடு இருக்கும். என் மூத்தார் அப்படிப்பட்ட வீட்டில் பெண்ணெடுத்துப் பாரீஸ் போனவர்.

வந்த பெண்ணுக்கு 24 வயது, நல்ல வேலை. தமிழ் சரளமாகப் பேசுவாள். பெட்டியைத் திறந்து சாக்லெட், சென்ட் எல்லாம் எடுத்து வைத்தாள். அடியில் ஒரு பை. அதிலிருந்து வந்தது அந்தச் செருப்பு. அடேயப்பா! குதிகால் ஒரு சாண் உயரம். முன்பக்கமும் செங்கல் வைத்த மாதிரி தடிமன். பளபளவென்று கறுப்புத் தோல்.

"இதைப் போட்டுக்கிட்டு எங்கம்மா நடக்குறே?" என்றேன்.

"நடக்கறதுக்கு இல்ல சித்தி, ஆடறதுக்கு. போல் டான்ஸ் கிளாஸ் போறேன்" என்றாள்.

நான் சட்டென்று மாமியார் இருக்கும் பக்கம் பார்த்தேன். நல்லவேளை, கொல்லைப்புறத்தில் இருந்தார்.

அவள் சிரித்துக்கொண்டே எல்லாம் விளக்கினாள். இரும்புக் கம்பியைச் சுற்றி ஆடும் இந்த ஆட்டம், வெளிநாடுகளில் இரவு விடுதிகளில் பெண்கள் பிழைப்புக்காக ஆடியதிலிருந்து வந்தது. இன்று ஆபீஸ் போகும் பெண்கள், பிள்ளை பெற்றவர்கள், ஆண்கள்கூட உடற்பயிற்சியாகக் கற்கிறார்கள். 2009-ல் இதை விளையாட்டாக நடத்த ஓர் உலக அமைப்பு ஏற்பட்டது. 2017-ல் உலக விளையாட்டுச் சங்கங்களின் பொது அமைப்பு அதற்குப் பார்வையாளர் அந்தஸ்தும் கொடுத்தது.

என் மகளுக்குக் கேட்கக் கேட்க ஆனந்தம். "அக்கா, நாங்களும் கம்பம்தான் ஏறுறோம். ஆனா வெறுங்கால்!" என்றாள். அன்று ராத்திரி முற்றத்துத் திண்ணையில் இரண்டு பேரும் செருப்பா, வெறுங்காலா என்று பேசியதைக் கேட்க வேண்டுமே!

பாரீஸில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் வெறுங்கால்தானாம். கம்பியின் கனம் நாலரை சென்டிமீட்டர். வழவழவென்ற உலோகம். தோல் நேராகப் பட்டால்தான் பிடிக்கும், அதனால்தான் உடையும் சிக்கனம். எண்ணெய், கிரீம் எதுவும் தடவக்கூடாது, வழுக்கிவிடும். மோதிரமும் கழற்ற வேண்டும், கம்பியைக் கீறிவிடும். வெறுங்காலில் ஏறினால் புறங்கால் கம்பியில் தேய்ந்து கன்றிப் போகும். ஆனாலும் எங்கே பிடி இருக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று பாதத்துக்குத் தெரியும். விளையாட்டாகச் செய்கிறவர்கள் பெரும்பாலும் வெறுங்காலில்தான் செய்கிறார்கள்.

"அப்ப செருப்பு எதுக்கு?" என்றேன்.

"அது வேற வகை ஆட்டம் சித்தி. கால் நீளமாத் தெரியும். கால் பளு கூடுறதால சுத்தும்போது வீச்சு வரும். அந்தப் பளபள தோல் கம்பியில ஒட்டிக்கும், ஏற சுலபம், புறங்காலும் தேயாது. இன்னொரு விஷயம். 8 இஞ்சுன்னு சொன்னாலும் முன்னால 4 இஞ்சு அடிக்கட்டை இருக்கு. அதனால குதிகால் தூக்கறது 4 இஞ்சுதான். ஆனா அவ்வளவு உசரத்துல நின்னு கணுக்கால் மடங்கினா, விழறதும் பலமா இருக்கும். பாதமும் கணுக்காலும் பலப்படாம அதுல ஏறக்கூடாது. நானே ஒரு வருஷம் கழிச்சுத்தான் போட்டேன்."

"எதுக்கும்மா, அந்த விடுதிப் பொம்பளைங்க போட்டது நமக்கு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

அவள் முகம் மாறிவிட்டது. "அவங்க வயித்துப் பொழப்புக்கு ஆடினதாலதான் சித்தி இந்த வித்தையே எங்களுக்குக் கிடைச்சது. வித்தையை மட்டும் எடுத்துக்கிட்டு, அவங்க செருப்பைக் கேவலம்னு சொன்னா அது நியாயமா?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி மனசில் கிடக்கிறது.

பிறகு அவளே பேச்சை மாற்றி, குதிகால் செருப்பு ஒரு காலத்தில் ஆண்கள் போட்டது என்றாள். பிரான்சு ராஜா பதினாலாம் லூயி, சிவப்புக் குதிகால் செருப்போடு நிற்கிற 1701-ஆம் வருஷத்துப் படம் பாரீஸ் மியூசியத்தில் இருக்கிறதாம். அதற்குள் வந்து உட்கார்ந்த என் மாமியார், "ராசாவே போட்டுட்டானா?" என்று வாய்விட்டுச் சிரித்தார்.

என் மகள் தன் பங்குக்கு மல்லர் கம்பத்தின் பெருமையை அளந்தாள். அங்கே எல்லாம் தலைகீழ். கம்பத்துக்கே விளக்கெண்ணெய் தடவுவார்கள், இல்லாவிட்டால் மரம் தோலை உரித்துவிடும். கயிற்றில் ஏறும்போது கால் கட்டை விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கயிற்றை இடுக்கிக்கொள்வாள். முடிச்சு எதுவும் போடக்கூடாது. "என் கால் விரல்தான் அக்கா எனக்கு ரெண்டாவது கை. அதுக்குப் போய் செருப்பு மாட்டுவாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு முற்றத்துத் தேக்குத் தூணில் விறுவிறுவென்று ஏறியும் காட்டினாள்.

இவ்வளவு பேசியவள் மறுநாள் என்ன செய்தாள் தெரியுமா? நாங்கள் எல்லாரும் அம்மையார் வீதி உலா பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம், யாருக்கும் தெரியாமல் அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து பார்த்திருக்கிறாள். 'தொப்'பென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் முற்றத்துப் படியோரம் விழுந்து கிடக்கிறாள். கணுக்கால் வெளிப்பக்கம் நிமிஷத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. சுதந்திர தினத்தன்று விழுப்புரத்தில் குழுவோடு கம்பம் ஏற வேண்டியவள்!

எதிர்வீட்டு அம்மாள், "சுளுக்கு எடுக்கறவரைக் கூட்டியாரட்டா?" என்றார். பாரீஸ் பெண் விடவில்லை. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்து, பட்டையான துணியால் கட்டி, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தாள். எலும்பை அழுத்தினால் வலித்ததால் டாக்டரிடம் கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. தசைநார் இழுத்துக்கொண்டிருக்கிறது, ஐந்தாறு வாரம் ஓடவோ ஏறவோ கூடாது என்றார்.

அவரே படம் போட்டு விளக்கினார். கணுக்காலுக்குள் இருக்கும் எலும்பு முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல், ஆப்பு மாதிரி. பாதம் தரையில் சமமாக இருந்தால் அகலப் பக்கம் குழிக்குள் இறுகி நிற்கும். குதிகாலைத் தூக்கினால் குறுகின பக்கம் வந்துவிடும், மூட்டு ஆட்டம் காணும். அந்த நேரத்தில் கால் பிசகினால் சுளுக்குத்தான். வெறுங்காலிலும் சுளுக்கு வரும், ஆனால் குதிகால் செருப்பில் வாய்ப்பு அதிகம் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அதுவரை வாய் திறக்காத என் கணவர் திறந்தார். "இனிமே கம்பமும் வேணாம், விழுப்புரமும் வேணாம். பொண்ணாப் பொறந்தவ தரையில இருக்கட்டும்."

என் மகள் வலிக்காகக்கூட அழாதவள், அப்போது அழுதாள். பாரீஸ் பெண், "எல்லாம் என் செருப்பாலதான் சித்தப்பா" என்று கண் கலங்கினாள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியாது. "ஏங்க, புள்ளை விழுந்தது செருப்புல இருந்து. கம்பத்துல இருந்து இல்லை. ரெண்டு வருஷமா ஏறுறா, ஒரு நாள் விழுந்திருக்காளா?" என்றேன். அதோடு நிற்கவில்லை. 16 வருஷமாக யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிட்டேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு கொஞ்சம் குட்டை" என்று இந்த வீட்டார் சொன்னதாகத் தரகர் எங்கப்பாவிடம் சொல்லியிருந்தார். அதற்காகவே ரிசப்ஷனுக்கு 4 இஞ்சு குதிகால் செருப்பு வாங்கிக் கொடுத்தார்கள். அதுவரை ரப்பர் செருப்பைத் தவிர வேறு போட்டறியாத கால்! மேடைப் படியில் இடது கால் மடங்கியது. வலியை முழுங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் சிரித்தபடி போட்டோவுக்கு நின்றேன். புது மருமகள், யாரிடம் சொல்வது? வைத்தியமே பார்க்கவில்லை. இன்றைக்கும் அரிவாள்மனையில் உட்கார்ந்து எழுந்தால் அந்தக் கணுக்கால் வலிக்கிறது.

"இந்தப் பொண்ணு தன் சந்தோஷத்துக்குச் செருப்பு போடுறா. நம்ம பொண்ணு தன் சந்தோஷத்துக்கு வெறுங்கால்ல ஏறுறா. நான் ஒருத்திதான் அடுத்தவங்க கண்ணுக்காகப் போட்டேன். எனக்குத்தான் இன்னும் வலி ஆறலை" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கூடத்தில் சத்தமே இல்லை. கடைசியில் பேசியது யார் தெரியுமா? என் மாமியார்!

"ஏண்டா, மாடியில நின்னு மாம்பழம் எறியறோமே, யாருக்குடா? கைலாசத்துல கால் படக்கூடாதுன்னு தலையாலேயே நடந்து போன அம்மையாருக்குத்தானே! அவளை ஊரே தாயேன்னு கும்பிடுது. நம்ம வீட்டுப் புள்ள தலைகீழாத் தொங்கினா மட்டும் குத்தமா?" என்று மகனைக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, கால் வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். அன்று ராத்திரி அவரே நல்லெண்ணெய் காய்ச்சி எடுத்து வந்து என் காலில் தடவிவிட்டார். 16 வருஷத்து வலி அதில் பாதி போய்விட்டது.

சுதந்திர தின நிகழ்ச்சிக்கு என் மகள் போனாள். ஏறவில்லை. கீழே நின்று கம்பத்துக்கு விளக்கெண்ணெய் தடவிக் கொடுத்தாள். வருத்தம்தான். ஆனால் தீபாவளி லீவில் மறுபடி ஏறினாள். என் கணவரே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். பாரீஸ் பெண் போகும்போது செருப்பைக் கையோடு கொண்டுபோய்விட்டாள். "பதினெட்டு வயசு ஆகட்டும், ஆசை இருந்தா நானே முறையாக் கத்துத் தர்றேன்" என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறாள். அதை என் மகள் முடிவு செய்யட்டும்.

தோழிகளே, அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். குதிகால் செருப்பு கெட்டதும் இல்லை, வெறுங்கால் பட்டிக்காட்டுத்தனமும் இல்லை. எதுவானாலும் கால் முதலில் வெறுந்தரையில் பலப்பட வேண்டும். தினமும் பல் தேய்க்கும் நேரம் சுவரோரம் ஒற்றைக் காலில் மாற்றி மாற்றி நின்று பழகுங்கள், கணுக்கால் உறுதிப்படும். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன். சுளுக்கு விழுந்தால் இழுத்து நீவாதீர்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, எலும்பைத் தொட்டால் வலித்தாலோ, உடனே டாக்டரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண் பிள்ளை எதைப் போட வேண்டும், எதில் ஏற வேண்டும் என்று ஊர் கண்ணைப் பார்த்து முடிவு செய்யாமல், அவளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். என்னை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

- ஒரு வாசகி, காரைக்கால்.