மழை வந்தால் கத்தும் கானாங்கோழி

குமரி மாவட்டம் அருமனை வட்டாரத்தில் மழைக்காலம் தொடங்கிவிட்டால், குளக்கரைப் புதர்களில் ஒரு சத்தம் கேட்கும். "குவாக்... குவாக்..." என்று விடாமல் கேட்கும். சில சமயம் இரவிலும் ஓயாது.

கத்துவது யார்? கானாங்கோழி!

அது ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள பறவை. முதுகு கருஞ்சாம்பல் நிறம். முகமும் மார்பும் வெள்ளை. வாலின் அடிப்பக்கம் செங்கல் நிறம். நடக்கும்போது குட்டை வாலை வெடுக்கு வெடுக்கென்று ஆட்டும். ஆளைக் கண்டால் புதருக்குள் ஓடி மறைந்துவிடும்.

ஒடுங்கிய உடம்பு

நெருக்கமான கோரைப் புல்லுக்குள் அது எப்படி ஓடுகிறது? இரு பக்கமும் அமுக்கியதுபோல் அதன் உடம்பு ஒடுங்கியிருக்கிறது. அதனால் சிறு இடைவெளியிலும் நுழைந்துவிடும். கால் விரல்கள் நீளமானவை. ஆகவே சேற்றில் புதையாமல் நடக்கும். புழு, பூச்சி, நத்தை, விதை எல்லாம் அதற்கு உணவு.

தண்ணீர் ஓரத்துப் புதரில் கூடு கட்டி, பெரும்பாலும் ஆறு, ஏழு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். சுமார் 19 நாளில் குஞ்சு பொரிக்கும். கன்னங்கரேலென்று இருக்கும் குஞ்சுகள், பொரித்த சிறிது நேரத்திலேயே கூட்டைவிட்டு இறங்கித் தாயின் பின்னால் ஓடும்!

பாம்பால் வந்த வினை

இதன் உறவுப் பறவை ஒன்று பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவில் வாழ்ந்தது. அதற்குப் பறக்கத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வெளியிலிருந்து வந்து சேர்ந்த ஒருவகைப் பாம்பு அங்கே பெருகியது. 1980-களில் அந்தப் பறவை காட்டில் இல்லாமலே போயிற்று. மிஞ்சிய சிலவற்றைப் பிடித்து, கூண்டில் வளர்த்துப் பெருக்கி, பாம்பு இல்லாத தீவுகளில் விட்டார்கள். அங்கே அவை பிழைத்துக்கொண்டன.

நம் கானாங்கோழிக்கு அந்தக் கதி வரவில்லை. ஆனால் குமரி மாவட்டத்தில் நெல்வயல்கள் பல வாழைத் தோப்பாகவும், ரப்பர் தோட்டமாகவும், வீட்டுமனையாகவும் மாறிவிட்டன. அது ஒதுங்கும் இடம் குறைகிறது.

சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-ம் ஆண்டில் ராம்சர் என்ற உலகப் பட்டியலில் சேர்ந்தன. ஊருக்குள் இருக்கும் சிறு குளத்துக்கு அந்தக் காவல் கிடையாது. ஊரார்தான் காவல்.

குளத்தில் தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. கரையில் புதரும் வேண்டும். சுத்தம் செய்கிறவர்கள் ஒரு பக்கத்துப் புதரையாவது விட்டுவைக்கலாம். மழைக்காலத்தில் வெட்டாமல் இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் அதற்குள் முட்டை இருக்கும்!