சினிமா சாயலில் கிறிஸ்தவப் பாட்டு: கட்டணம் எப்போது?

கிறிஸ்துமஸ் பாட்டுப் பட்டியலை முடிக்க வேண்டிய வாரம் இது. பழவேற்காட்டுக் குப்பங்களின் பாடற்குழுக்களிடமிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்தான்: கிட்டாரும் டிரம்ஸும் அதிர, சினிமாப் பாட்டுப் போலவே ஒலிக்கும் புதிய கிறிஸ்தவ ஆல்பங்களைப் பாடினால் பணம் கேட்பார்களா? பக்திப் பாட்டுதானே?

இந்த வகைக்கு உலகறிந்த முன்னோடி அமெரிக்கப் பாடகி ஏமி கிராண்டின் 'ஹார்ட் இன் மோஷன்' (1991). ஒரே ஆல்பம் கிறிஸ்தவக் கடைகளிலும் பொதுக் கடைகளிலும் விற்றது. அதிலுள்ள 'பேபி பேபி' பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. பொதுச் சந்தைக்குப் போகும் பாட்டின் பின்னால் பெரிய நிறுவனங்களின் உரிமைக் கணக்கும் வந்துவிடுகிறது.

ஆனால் நம் சட்டம் பாட்டின் பக்தியை அளப்பதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 52ஆம் பிரிவில், உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதையும் இசைத்தட்டு ஒலிக்கவிடுவதையும் மீறலாகக் கருதவில்லை. விலக்கு சடங்குக்கு மட்டுமே. நேற்று வெளியான பாட்டை நள்ளிரவுப் பூசையில் பாடலாம். அதையே டிக்கெட் விற்று நடத்தும் இன்னிசை இரவில் பாடினால் உரிமம் வேண்டும். நம் ஏரியில் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் பாடு முறையில் அன்று யாருக்கு எந்த இடம் என்பதுதான் கேள்வி. சட்டமும் இடத்தையும் சந்தர்ப்பத்தையுமே கேட்கிறது.

பூசை முடிந்தபின் கோயில் மேடையில் நடக்கும் நிகழ்ச்சியில்தான் சிக்கல். சம்பளம் வாங்காத ஊர்க்குழு இலவசமாகவோ கோயிலின் நிதிக்காகவோ பாடினால் அதற்குத் தனி விலக்கு உண்டு. பென்டிரைவில் போட்டு ஒலிக்கவிட்டால் அந்த விலக்கு துணைக்கு வராது. கூலிக்கு வரும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் வராது. எங்கே சடங்கு முடிந்து கச்சேரி தொடங்குகிறது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை. எனக்குக் கவலை தருவது இதுதான். வழக்கு என்று வந்தால் பதில் சொல்ல வேண்டியது ஊர்க்குழுதான்.

அரசின் விளக்கத்தை நம்பலாமா? கல்யாணங்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2023இல் மத்திய அரசு அறிவித்தது. அதையொட்டிக் கோவா அரசு வெளியிட்ட சுற்றறிக்கையை 2024இல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அறிவிப்பால் சட்டம் விரியாது. சட்டமோ சடங்கு விலக்கில் கல்யாணக் கொண்டாட்டத்தை மட்டும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஞானஸ்நான விருந்தைச் சொல்லவில்லை.

வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள்? அவர் மறைந்தது 1864இல். பாட்டுக்கு உரிமம் வேண்டாம், புதிய ஒலிப்பதிவுக்கு வேண்டும்.

யூடியூபில் ஏற்றலாமா? ஏற்றுவது பிரதியெடுப்பு; சடங்கு விலக்கில் அது இல்லை.

ஒலிபெருக்கி? இரவு 10 முதல் காலை 6 வரை தடை. விழா நாட்களில் 12 மணிவரை மாநில அரசு தளர்த்தலாம்.