கை, கால் நல்லா இருந்தும் மூச்சு நிற்கலாம்! உஷார்படுத்தும் மூளைத்தண்டு பக்கவாதம்

மதுரை:
பக்கவாதம் என்றாலே கை, கால் இழுத்துக்கொள்ளும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கை, கால் ஓரளவு நன்றாக இருந்தும் திடீரென மூச்சை நிறுத்தும் பக்கவாதமும் உண்டு. அதுதான் மூளைத்தண்டு பக்கவாதம்.

பிடரிக்கு மேலே, விரல் நீளமே உள்ளது மூளைத்தண்டு. நாம் தூங்கும்போதும் மூச்சை ஓட்டுவது அதன் அடிப்பகுதியான முகுளம். அங்கே ரத்தக்குழாய் அடைத்தாலோ, வெடித்தாலோ உயிருக்கே ஆபத்து.

அறிகுறிகள் என்ன?

திடீர் தலைசுற்றல், தள்ளாட்டம், பார்ப்பது இரண்டாகத் தெரிவது, பேச்சு குழறல், நிற்காத விக்கல். இதை ‘பித்தம்’ என்று விட்டுவிடக் கூடாது.

எச்சில் விழுங்க முடியாமல் வழிவது, புரையேறுவது, இருமலில் வலு இல்லாதது, அரைமயக்கம் ஆகியவை மூச்சு தடுமாறப் போவதன் முன்னறிவிப்பு. விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் சரியாகக் காட்டினாலும், ரத்தத்தில் கரியமில வாயு ஏறியிருக்கலாம். அதனால்தான் டாக்டர்கள் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மூச்சு நிற்கும் முன்பே வென்டிலேட்டர் வைக்கிறார்கள்.

இரவில் கவனம்

மூச்சு விட்டு விட்டு வந்தாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ, ‘அசந்து தூங்குறாரு’ என்று இருந்துவிடாமல் உடனே நர்சைக் கூப்பிட வேண்டும்.

வீட்டில் என்றால் சோடா, காபி, மாத்திரை எதுவும் வாயில் ஊற்றவோ, போடவோ கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்கு போன் செய்ய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசியை பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மேலூர், உசிலம்பட்டி பக்கத்து கிராமங்களில் இருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு வர ஆகும் நேரமும் அதில்தான் அடங்கும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.