மஹாத் பாலம் தந்த பாடம்

மும்பையிலிருந்து கோவா செல்லும் நெடுஞ்சாலையில், ராய்கட் மாவட்டம் மஹாத் அருகே சாவித்திரி ஆறு குறுக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு, இந்த ஆற்றின் மீதிருந்த பழைய கற்பாலம் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. மும்பை நோக்கி வந்த இரண்டு அரசு பஸ்களும் வேறு வாகனமும் இருட்டில் ஆற்றுக்குள் விழுந்தன. பயணிகள் பலர் மாண்டனர். கடற்படை முக்குளிப்பவர்கள் பல நாள் தேடிய பிறகே பஸ்களின் சிதைவுகள் கிடைத்தன.

மலையில் மழை, கீழே வெள்ளம்

மகாபலேஷ்வர் மலையில் பிறந்து அரபிக் கடலில் கலக்கும் சிறிய ஆறு இது. மலையில் கொட்டும் மழை விரைவிலேயே மஹாதை எட்டிவிடும். மஹாதில் மழை விட்டிருந்தாலும் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். கடல் ஏற்றத்தின்போது வெள்ளம் வடியவும் தாமதமாகும். 2021 ஜூலையில் மஹாத் நகரமே வெள்ளத்தில் மிதந்தது.

கண்ணுக்குத் தெரியாத அரிப்பு

பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால்தான் ஆபத்து என்பதில்லை. சுழித்தோடும் வெள்ளம், தூண்களின் அடியிலுள்ள மண்ணை அரித்துவிடும். மேலே தார்ச்சாலை வழக்கம்போலத்தான் தெரியும்.

1928இல் கட்டப்பட்ட மஹாத் பாலத்தை 2016 மே மாதம் பொறியாளர்கள் பார்வையிட்டிருந்தனர். போக்குவரத்துக்கு ஆபத்தில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. மூன்றே மாதத்தில் பாலம் போயிற்று. கோடையில் நடக்கும் சோதனை மட்டும் போதாது. வெள்ளம் வரும் இரவுகளில் காவலும் தேவை. நீர்மட்டம் அபாயக் குறியைத் தொட்டவுடன் இருபுறமும் சாலையை அடைக்க ஆள் இருக்க வேண்டும்.

மஹாதில் 2017 ஜூனில் புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால், கிராமப்புறங்களில் விளக்கோ, அளவுக்கல்லோ, தடுப்போ இல்லாத தரைப்பாலங்கள் இன்னும் பல உள்ளன.

ஓட்டுநர் கவனத்திற்கு

ஓடும் தண்ணீர் ஓர் அடி ஆழம் இருந்தாலே சிறிய காரைத் தள்ளிவிடும். இரண்டு அடி இருந்தால் பெரிய வாகனங்களும் தாங்கா. கலங்கல் நீருக்கடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்று தெரியாது. முன்னால் ஒரு லாரி கடந்துவிட்டது என்பதும் உத்தரவாதமல்ல.

தண்ணீர் வடியும்வரை மேட்டில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பதே நல்லது. பஸ் தாமதமானால் பயணிகளும் ஓட்டுநரை அவசரப்படுத்தக் கூடாது. விடிந்தபின் ஊர் போய்ச் சேர்ந்தாலும் நஷ்டமில்லை.