ஒரே அலைவரிசையில் 18 நிலையங்கள்

கண்டியைச் சுற்றி ஹந்தானை, நக்கிள்ஸ் என்று எங்கும் மலைகள். ஆனாலும் சிற்றலைக்கு மலை தடையல்ல. வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிக் கடல் கடந்து போய்விடும். ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியாளர்கள் உலகோடு பேசுவது இப்படித்தான்.

அவர்களுக்குரிய 20 மீற்றர் பட்டை 14 மெகாஹேர்ட்ஸ் முதல் 14.350 வரை மட்டுமே. அதில் 14.070 வரையான கீழ்ப்பகுதி மோர்ஸ் தந்திக்கு. சற்று மேலே, 14.074 இல், 2017இல் அறிமுகமான எஃப்டி8 என்ற கணினி முறை இயங்குகிறது. ஒருவர் 15 விநாடி அனுப்புவார். அடுத்த 15 விநாடி மற்றவர் முறை.

மோர்ஸ்காரர் அனுப்பத் தொடங்குமுன் ‘கியூ ஆர் எல்’ என்று தட்டி, அலைவரிசை பாவனையில் உள்ளதா எனக் கேட்பார். எஃப்டி8 மென்பொருளுக்கு அந்தக் கேள்வி புரியாது. ஆகவே கணினியை இயக்குபவர் தம் காதால் கேட்டுப் பார்த்தே அனுப்ப வேண்டும்.

ஒரே அலைவரிசையைப் பகிர்ந்துகொள்வதற்குச் சிறந்த முன்மாதிரி 14.100 மெகாஹேர்ட்ஸ். உலகெங்குமுள்ள 18 வழிகாட்டி நிலையங்களுக்கு அந்த ஓர் அலைவரிசையே போதும். ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி. 3 நிமிடத்தில் ஒரு சுற்று. அவற்றுள் ஒன்று இலங்கையின் 4எஸ்7பி. மோர்ஸில் தன் அழைப்புக்குறியைச் சொல்லி, 100 வாட்டிலிருந்து 0.1 வாட் வரை படிப்படியாகக் குறையும் நான்கு நீள ஒலிகளை அனுப்பும்.

சிற்றலை வானொலிப் பெட்டி வாங்கும் இளைஞர்களே, முதலில் நன்றாகக் கேட்கப் பழகுங்கள். அலைவரிசை எல்லோருக்கும் பொதுச் சொத்து.